மழைத்தண்ணீர் புகுந்த வண்டி மிஸ்ஸிங் அடித்தால்: பிளக் குழியிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

என் காரில், பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயிலின் போல்ட்டைக் கழற்றிவிட்டு மெல்லத் திருகி மேலே இழுத்தேன். உறிஞ்சிப் பிடித்திருந்த ரப்பர் 'பொளக்' என்று விட்டது. அதன் நுனியிலிருந்து டீத்தண்ணி நிறத்தில் சொட்டுச் சொட்டாக வடிந்தது. டார்ச் அடித்து, பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் பார்த்தால், பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பாதி உயரத்துக்குத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. 10 மில்லி சிரிஞ்சின் முனையில் சின்ன ரப்பர் குழாயைச் செருகி உறிஞ்சினேன். ஒன்றரை சிரிஞ்சு வந்தது.

அதற்கு முந்தின நாள் ஒரு பட்டறையில், "நாலு காயிலும் போச்சு சார், செட்டா மாத்திடலாம்" என்று சொல்லியிருந்தார்கள். ஒரு காயில்கூடப் போகவில்லை. தண்ணீரை எடுத்து, காயவைத்து, கறுப்புக் கோடு விழுந்திருந்த ஒரே ஒரு பிளக்கையும் அதன் ரப்பரையும் மட்டும் மாற்றினேன். இது மூன்றாவது மழைக்காலம், ஓடுவது அதே நான்கு காயில்கள்தான்.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் இந்த மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் விட்டுப்போய் இன்ஜின் உதறும் பிரச்சினை, தெருவுக்கு இரண்டு வண்டிக்கு வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகு, பெருமழை அறிவிப்பு வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக ஏற்றி நிறுத்துகிறோம். ஆனால் மிஸ்ஸிங் வருவதற்கு வெள்ளம் தேவையில்லை. ஒரு வாட்டர் வாஷ் போதும். வைப்பருக்கு அடியில் அடைத்துக்கொண்ட ஒரு பிடி வேப்பிலை போதும்.

இந்த வழிகாட்டி முக்கியமாக, பிளக்குக்கு நேர் மேலே தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் கார்களுக்கானது. இப்போது ஓடும் பெரும்பாலான சின்னக் கார்கள் இந்த வகைதான். பழைய வண்டி, சிஎன்ஜி, டீசல் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சாவியைத் திருப்பும் முன்

தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் செல்ஃப் அடிக்காதீர்கள்.

வண்டி கழுவியபோதோ, மழையில் நின்றபோதோ, தேங்கிய தண்ணீரில் ஒரு தடவை அடித்துக்கொண்டு வந்தபோதோ மிஸ்ஸிங் தொடங்கியது என்றால், இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு குறைவு. வெளியே கரண்ட் போகும் பாதையில்தான் தண்ணீர் இருக்கும். தைரியமாகத் தொடரலாம்.

ஆனால் வண்டி தண்ணீரில் நின்று பம்பர் மூழ்கியிருந்தால், அல்லது தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'டக்' என்று நின்றுபோயிருந்தால், அது வேறு கதை. முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் காகிதம் ஈரமாக இருந்தாலோ, பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தாலோ, செல்ஃப் அடிக்கவே கூடாது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின் என்றால் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 300 மில்லி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்த 300 மில்லிக் காற்று பத்தில் ஒரு பங்காக நசுங்குகிறது. மேலே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 30 மில்லி. இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி, அவ்வளவுதான். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. மூன்று மூடிக்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டனால் மேலே வர முடியாது. பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், சில சமயம் முறிந்து இன்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். பட்டறைகளில் ஹைட்ரோ லாக் என்பது இதைத்தான்.

அந்த நிலையில் வண்டியைத் தள்ளியோ, டோ வண்டியில் ஏற்றியோ மேட்டுக்குக் கொண்டுபோங்கள். எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டு, இன்ஜெக்டருக்கும் காயிலுக்கும் கரண்ட் போகாமல் செய்து, பிறகு இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இதைச் செய்து பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், ஆயிலும் ஃபில்டரும் மாற்றாமல் இன்ஜின் ஓடவே கூடாது. இன்னொன்று: வெள்ளத்தில் நின்ற வண்டியை உரிமையாளரே ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், சாதாரண இன்சூரன்ஸில் அந்தச் செலவைப் பொதுவாகத் தர மாட்டார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியைப் பாருங்கள். முதலில் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லிவிட்டு, அப்புறம் கைவையுங்கள்.

ஹைபிரிட் வண்டி வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிற ஒயர்கள் பக்கமே போகாதீர்கள். அதில் ஓடும் மின்சாரம் ஆளைக் கொல்லும்.

தண்ணீர் பட்டால் ஏன் மிஸ்ஸிங்?

பேட்டரி கொடுப்பது 12 வோல்ட். அதைக் காயில் 20,000 வோல்ட்டுக்கும் மேலே தூக்கி பிளக்குக்கு அனுப்புகிறது. அந்த மின்சாரம் பிளக்கின் நுனியில் இருக்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வேண்டும். தாண்டுவது எளிதல்ல, ஏனென்றால் உள்ளே பெட்ரோலும் காற்றும் நசுங்கி அடர்த்தியாக இருக்கின்றன.

இப்போது பிளக் குழிக்குள் அழுக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். சுத்தமான வடிநீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் சாலைச் சேறும் உப்பும் ஷாம்புவும் கலந்த தண்ணீர் நன்றாகவே கடத்தும். மின்சாரத்துக்கு எது சுலபமான வழியோ அதில்தான் போகும். நசுங்கிய காற்றைத் தாண்டுவதைவிட, பீங்கானின் வெளிப்புற ஈரத்தில் வழுக்கி இறங்கி, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் எர்த் ஆவது சுலபம். பொறி வெளியே போய்விடுகிறது, சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது. நான்கு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் விட்டுவிட்டால் எப்படி ஆடும், அப்படி இன்ஜின் ஆடுகிறது.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காயிலின் ரப்பர் குழியை மூடித்தான் இருக்கிறது. ஆனால் ஓடிய இன்ஜினின் குழிக்குள் காற்று சூடாகி விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு மேலே குளிர்ந்த தண்ணீர் கொட்டினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கும்போது ரப்பர் விளிம்பில் நிற்கும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சூடான இன்ஜினைக் கழுவாதே என்று பெரிய மெக்கானிக்குகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். போன தண்ணீர் அதே ரப்பரால் வெளியே ஆவியாக முடியாமல் வாரக்கணக்கில் நிற்கும்.

அறிகுறிகளைக் கவனியுங்கள்

ஐடிலிங்கில் ஸ்டீயரிங்கும் சீட்டும் ஒரு தாளத்தோடு நடுங்கும். சைலன்சர் பக்கம் போய் நின்றால் சீரான 'புர்ர்ர்' சத்தத்துக்கு நடுவே 'புஸ்' 'புஸ்' என்று ஒரு விட்டல் கேட்கும். பிக்கப் இருக்காது. மூன்றாவது நான்காவது கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் திக்கித் திக்கி இழுக்கும். சைலன்சரில் எரியாத பெட்ரோல் வாடை வரும்.

செக் இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வரை ஓட்டிக்கொண்டு போகலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம். அது அளவுக்கு மீறிச் சூடானால் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். காயிலை விடப் பல மடங்கு விலை அதற்கு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் அந்தக் கன்வர்ட்டரைப் பல கம்பெனிகள் இன்ஜினுக்கு ஒட்டியே வைத்திருக்கிறார்கள்.

கையில் என்ன வேண்டும்

10 மி.மீ. ஸ்பேனர் (சில வண்டிக்கு 8), ராட்செட், நீளமான எக்ஸ்டென்ஷன் ராடு, உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ள பிளக் சாக்கெட். சாக்கெட் பெரும்பாலும் 16 மி.மீ., சில வண்டிக்கு 14. ஒரு டார்ச், சிரிஞ்சும் சின்ன ரப்பர் குழாயும், பனியன் வேஸ்ட் ஒரு கட்டு. திருப்பூர்ப் பனியன் வேஸ்ட் போல ஈரத்தை உறிஞ்சும் துணி வேறு இல்லை. எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா. சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு சின்ன டியூப். முடி உலர்த்தும் டிரையர். ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டில் செருகும் புளூடூத் ஸ்கேனர் ஒன்று இருந்தால் பாதி வேலை குறையும்.

டபிள்யூடி-40 பற்றிக் கேட்பீர்கள். 1953-ல் அமெரிக்காவில் சான் டியாகோவில் தண்ணீரை விரட்டுவதற்கென்றே செய்த திரவம் அது. 'தண்ணீர் விலக்கி, நாற்பதாவது முயற்சி' என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். ஈரமான ஒயர், கப்ளர் (ஒயரை இணைக்கும் செருகி) மேல் அடித்தால் வேலை செய்யும். ஆனால் அது தீப்பிடிக்கும், எண்ணெய்ப் படலமும் விடும். சூடான இன்ஜினில் அடிக்காதீர்கள், பிளக் குழிக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள். குழிக்கு கான்டாக்ட் கிளீனர்தான் சரி.

படி 1: முதலில் எரர் கோடு, அப்புறம் பேட்டரி

இந்த வரிசையைப் பலர் மாற்றிச் செய்கிறார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றினால் பல வண்டிகளில் கம்ப்யூட்டரில் பதிவான எரர் கோடு (பழுதைக் குறிக்கும் எண்) அழிந்துவிடும். அதனால் ஸ்கேனரைச் செருகி முதலில் படித்து எழுதிக்கொள்ளுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்றைச் சொல்ல முடியாமல் மாறி மாறி விடுகிறது. பி0351 முதல் பி0354 வரை வந்தால் அந்தந்தக் காயிலுக்குப் போகும் ஒயர் அல்லது காயிலின் மின் இணைப்பைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலான நான்கு சிலிண்டர் வரிசை இன்ஜின்களில் முதல் சிலிண்டர் என்பது ஃபேன் பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து எண்ணுவது.

ஸ்கேனர் இல்லையென்றாலும் பரவாயில்லை. எல்லாக் குழியையும் பார்க்கத்தானே போகிறோம்.

படி 2: ஆறவிடுங்கள்

சாவியை எடுத்து, பானெட்டைத் திறந்து, குறைந்தது இரண்டு மணி நேரம். ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் ஹெட்டின் மரை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சில வண்டிகளில் இன்ஜின் நின்ற பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலும், கையை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். ஆறிய பிறகு பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி, தொடாதபடி ஒரு துணியில் சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

படி 3: காயிலை எடுப்பது

மேலே இருக்கும் பிளாஸ்டிக் கவரை எடுத்தால் காயில்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு கப்ளர். அதன் பூட்டை அமுக்கி இழுக்க வேண்டும். ஐந்தாறு வருடம் சூட்டில் வெந்த பிளாஸ்டிக், முறுக்கு மாதிரி நொறுங்கும். அவசரம் வேண்டாம். ஒயரைப் பிடித்து இழுக்காமல் கப்ளரைப் பிடித்து இழுங்கள். போல்ட்டைக் கழற்றியதும் காயிலை இடதும் வலதுமாகக் கால் சுற்று திருகிவிட்டு நேராக மேலே இழுங்கள். சாய்த்து இழுத்தால் ரப்பர் கிழிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும்.

எந்தக் காயில் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று மாஸ்கிங் டேப்பில் 1, 2, 3, 4 என்று எழுதி ஒட்டுங்கள். பின்னால் இது உதவும்.

படி 4: குழியை வெறுமையாக்குவது

இந்த வேலையின் உயிர்நாடி இந்தப் படிதான். பிளக்கைக் கழற்றும் முன்பே குழியைக் காயவைக்க வேண்டும். பிளக்தான் சிலிண்டருக்கு மூடி. தண்ணீரும் மணலும் நிற்கும்போது மூடியைத் திறந்தால் எல்லாம் நேராக பிஸ்டன் தலையில் விழும். பிறகு அந்த மணல் சிலிண்டர் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். மிச்சத்துக்குப் பனியன் வேஸ்டை ஸ்க்ரூ டிரைவர் நுனியில் சுற்றி இறக்கி, ஒற்றி ஒற்றி எடுங்கள். துணி உலர்ந்து வரும் வரை செய்யுங்கள். அதன் பிறகு பக்கத்து டயர் கடையில் காற்றுக் குழாய் கிடைத்தால் ஊதிவிடலாம். முழு வேகத்தில் ஊதாமல் தட்டித் தட்டி ஊதுங்கள், மணல் துள்ளும், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். பிறகு கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து மறுபடி ஊதுங்கள்.

குழியில் வந்தது தண்ணீரா ஆயிலா என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். ஆயில் இருந்தால் இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் கசிகிறது. ஆயிலில் ஊறிய ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும், தளர்ந்த ரப்பர் வழியாக அடுத்த மழையில் தண்ணீரும் வரும். பேக்கிங்கை மாற்றாமல் காயிலை மாற்றினால் காசுதான் வீண்.

படி 5: பிளக்கைப் படிப்பது

குழி உலர்ந்தபின் பிளக்குகளைக் கழற்றி வரிசையாகத் துணி மேல் வையுங்கள். நல்ல வெளிச்சத்தில் வெள்ளைப் பீங்கானைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள்.

மேலிருந்து கீழாக, கூர்மையான பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா? அதுதான் பொறி வழுக்கி இறங்கிய தடம். ஈரத்தில் பாய்ந்த மின்சாரம் அழுக்கை எரித்துக் கரியாக்கி விட்டுச் செல்கிறது. கரியும் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் தண்ணீர் காய்ந்த பிறகும் பொறி அதே தடத்தில்தான் இறங்கும். "காயவெச்சுட்டேன், ஆனாலும் விடுது" என்று சொல்பவர்களில் பலருக்குக் காரணம் இந்த ஒற்றைக் கோடு. துடைத்தாலும் போகாது. அந்தப் பிளக்கை மாற்றுங்கள். ரப்பரின் உட்புறத்திலும் அதே இடத்தில் ஒரு தடம் இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால், பழையது புதியதைக் கெடுத்துவிடும். பல வண்டிகளுக்கு ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, முழுக் காயிலையும் வாங்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. பீங்கானும் இரும்பும் சேரும் இடத்தில் பழுப்பு நிற வளையம் இருந்தால் பயப்பட வேண்டாம். அது உயர் மின்னழுத்தத்தால் காற்றில் இருக்கும் எண்ணெய்த் துகள்கள் ஒட்டிக்கொண்ட கறை, எந்தக் கெடுதலும் இல்லை. இந்த வளையத்தைக் காட்டியே "பிளக் லீக் ஆகுது" என்று நல்ல பிளக்கை மாற்றிவிடுகிறார்கள். செங்குத்தான கோடு கெட்டது, வட்டமான வளையம் நல்லது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

அடிநுனி பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்த சிலிண்டர்தான் எரியவில்லை. டிரையரில் உலர்த்துங்கள். நெருப்பில் காட்டிச் சுடுவது பழைய பழக்கம், இன்றைய பிளக்குக்கு வேண்டாம். இரிடியம் பிளக் என்றால் ஊசி போன்ற நடு முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள்.

படி 6: காயிலையும் கப்ளரையும் உலர்த்துவது

ரப்பருக்குள் ஸ்பிரிங் இருக்கும். ஸ்பிரிங்கில் பச்சையாகப் பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனரால் கழுவுங்கள். காயிலின் உடம்பில் முடி போன்ற விரிசல் இருந்தால் அதற்குள் ஈரம் போயிருக்கும், அந்தக் காயிலை நம்ப முடியாது. மற்றவற்றை நல்ல வெயிலில் இரண்டு மணி நேரம், அல்லது கை பொறுக்கும் சூட்டில் டிரையரால் உலர்த்துங்கள். அடுப்பு, ஓவன் கூடாது.

கப்ளர்களுக்குள் டார்ச் அடியுங்கள். உள்ளே பின்கள் பளபளவென்று இருக்க வேண்டும். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கிளீனர் அடித்து, நாலைந்து தடவை செருகிக் கழற்றுங்கள். கப்ளரின் ரப்பர் சீல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் அது எப்போதோ விழுந்துபோயிருக்கும்.

படி 7: திரும்ப மாட்டுவது

பிளக்கை ராட்செட் போடாமல், எக்ஸ்டென்ஷனை விரலால் பிடித்துச் சுற்றி இறக்குங்கள். வெண்ணெய் போல இறங்க வேண்டும். ஒரு சுற்றிலேயே இறுகினால் மரை மாறியிருக்கிறது, வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். அடியில் உட்கார்ந்தபின், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் வண்டியின் புத்தகத்தில் உள்ள அளவு. இல்லையென்றால், வாஷர் உள்ள புதிய பிளக்குக்கு அரைச் சுற்று. ஏற்கெனவே போட்டிருந்த பிளக் என்றால் வாஷர் நசுங்கியே இருக்கும், கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குப் போகும் தூரம் மட்டும் போதும்.

டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு தீக்குச்சித் தலை அளவு எடுத்து, ரப்பரின் உள்விளிம்பில் மட்டும் மெல்லிய வளையமாகத் தடவுங்கள். அந்தக் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் ஸ்பிரிங் மேல் பட வேண்டாம். வாசலின், பேரிங் கிரீஸ் எதுவும் வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை உப்பவைத்துவிடும். காயிலை அழுத்தும்போது ரப்பர் பிளக்கைக் கவ்வுவது கையில் தெரியும். போல்ட் சின்னது, லேசாக இறுக்கினால் போதும். கப்ளர் 'டிக்' என்று பூட்டும் சத்தம் கேட்க வேண்டும்.

படி 8: இடம் மாற்றிப் பார்ப்பது

ஸ்டார்ட் செய்தால் பத்தில் ஏழு எட்டு வண்டி இந்த இடத்திலேயே சீராகிவிடும் என்பது என் அனுபவம். இன்னும் விடுகிறது என்றால், சந்தேகத்தில் பொருள் வாங்காமல் இதைச் செய்யுங்கள்: பழைய எரர் கோடை அழித்துவிட்டு, விடும் சிலிண்டரின் காயிலை வேறொரு சிலிண்டருக்கு மாற்றுங்கள். பி0302 வந்துகொண்டிருந்த வண்டியில் இரண்டாவது காயிலை நான்காவதில் போட்டு ஓட்டினால் இப்போது பி0304 வருகிறதா? காயில்தான் குற்றவாளி, அந்த ஒன்றை மட்டும் வாங்குங்கள். இன்னும் பி0302தான் என்றால் காயில் நல்லது, பிளக்கை அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். அதுவும் நல்லது என்றால் அந்தச் சிலிண்டரின் ஒயர், இன்ஜெக்டர் கப்ளர், கடைசியாகக் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று நசுங்கும் அழுத்தம்) என்று போக வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியில் ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரெஷன் குறைந்திருந்தால் ராட் வளைந்திருக்கலாம்.

ஓடும் இன்ஜினில் காயில் கப்ளரைக் கழற்றிக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. ஷாக் அடிக்கலாம், எரியாத பெட்ரோலும் கன்வர்ட்டருக்குப் போகும். இடம் மாற்றும் சோதனை இருக்கும்போது அந்த ஆபத்து தேவையில்லை.

எல்லாச் சிலிண்டரும் மாறி மாறி விட்டால்

அப்போது பிரச்சினை பொதுவான இடத்தில் இருக்கிறது. ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் காற்று அளக்கும் சென்சார், த்ராட்டில் பாடி கப்ளர், இன்ஜினுக்கு அடியில் சேறு படும் உயரத்தில் இருக்கும் கிராங்க் சென்சார் கப்ளர், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர். இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, உலர்த்தி, மாட்டுங்கள்.

எலியை மறக்காதீர்கள். மழைக்காலத்தில் எலிகள் சூட்டுக்காக இன்ஜின் மேல் வந்து படுக்கும், ஒயரின் தோலைக் கடித்துவிட்டுப் போகும். செம்பு தெரியும் ஒயர் உலர்ந்த நாளில் சரியாக வேலை செய்யும், ஈரம் பட்டால் மட்டும் விடும். மழையில் மட்டும் மிஸ்ஸிங், வெயிலில் ஒன்றுமில்லை என்று மாதக்கணக்கில் அலைபவர்கள், காயிலுக்குப் போகும் ஒயர்க் கொத்தை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் பெட்ரோல் டேங்கையும் சந்தேகப்படுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் இரண்டு அடுக்காகப் பிரிவது கண்ணுக்கே தெரியும். பிரிந்தால் டேங்கைக் காலி செய்வதைத் தவிர வழியில்லை.

தண்ணீர் எங்கிருந்து வந்தது?

இதைக் கண்டுபிடிக்காமல் பானெட்டை மூடினால் அடுத்த மழைக்கு இதே வேலைதான். என் வண்டிக்கு வந்தது மேலிருந்து. முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே, வைப்பர் நிற்கும் இடத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதே, கண்ணாடியில் விழும் மழையெல்லாம் அதற்குள் இறங்கி, இரண்டு ஓரமும் இருக்கும் ஓட்டை வழியாகத் தரைக்குப் போக வேண்டும். புங்க மரத்தடியில் நிறுத்தும் வண்டி. இலையும் பூவும் மக்கி, காபித்தூள் வண்டல் மாதிரி அந்த ஓட்டையை அடைத்திருந்தது. தண்ணீர் நிரம்பி, தட்டின் நடு இணைப்பு வழியாக நேராக மூன்றாவது, நான்காவது காயில் தலையில் சொட்டியிருக்கிறது. ஒரு குவளை தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிவிட்டு, இன்னொருவர் பானெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சொட்டும் இடம் தெரிந்துவிடும்.

அது இல்லையென்றால் அடிப்பக்கம் பாருங்கள். இன்ஜினுக்குக் கீழே சேறு அடிக்காமல் தடுக்கும் பிளாஸ்டிக் ஷீல்டு வேகத்தடையில் உரசி உடைந்து, கிளிப் போய்த் தொங்கிக்கொண்டிருக்கும். புதிதாகப் போட ஆகும் செலவு ஒரு காயில் விலையைவிடக் குறைவு. வாட்டர் வாஷில்தான் வந்தது என்றால், அடுத்த தடவை பிரஷர் கன்னை இன்ஜின் மேல் பிடிக்க வேண்டாம் என்று நின்று சொல்லுங்கள். ஆறிய இன்ஜினில் ஈரத்துணியும் பிரஷ்ஷும் போதும்.

மற்ற வண்டிகளுக்கு

மாருதி 800, ஆம்னி போன்ற, ஒரே காயிலின் மின்சாரத்தை எல்லா பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய வண்டிகளில் ஈரம் முதலில் பிடிப்பது டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்குள். கேப்பைக் கழற்றி உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, அங்கும் பென்சில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் ஒயர்களின் ஓட்டையைக் கண்டுபிடிக்க இரவில் விளக்கை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். ஒயர் ஓரமாக நீலப் பொறி ஓடுவது அழகாகவே தெரியும்.

சிஎன்ஜி போட்ட வண்டிக்கு இந்தத் தொந்தரவு முன்கூட்டியே வரும், ஏனென்றால் கேஸைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும். பெட்ரோலில் சீராக ஓடி சிஎன்ஜியில் மட்டும் விட்டால் பிளக், ரப்பர் பக்கம் ஈரத் தடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். டீசலில் பொறியே கிடையாது. மழைக்குப் பிறகு டீசல் வண்டி உதறினால் இன்ஜெக்டர் கப்ளர், சென்சார், டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீர், இந்த மூன்றையும் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற டீசலுக்குக் கம்ப்ரெஷன் இன்னும் அதிகம், மேலே மிஞ்சும் இடம் இன்னும் குறைவு. செல்ஃப் அடிக்கவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், நான்காவது கியரில் ஒரு மேம்பாலம் ஏறும் அளவுக்கு இன்ஜினுக்குப் பாரம் கொடுத்து. வந்ததும் ஸ்கேனரில் புது எரர் கோடு எதுவும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். அடுத்த நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, முன்பு தண்ணீர் நின்ற அந்த ஒரு காயிலை மட்டும் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். குழி காய்ந்து கிடந்தால் வழியை அடைத்துவிட்டீர்கள்.